பசி அறியாத கணக்கு

நுழையும்முன்

உடல் எடையைப் பற்றிய அறிவுரைகளை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். ‘குறைவாக உண்ணுங்கள், மிகுதியாக நடங்கள்’ என்பதே அவற்றின் சாரம். இவ்வறிவுரை சொல்வதற்கு எளிது; கடைப்பிடிப்பதற்கோ அரிது. அஃது ஏன் அரிதாகின்றது? ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோரை ஆராய்ந்த அறிஞர்கள் கண்ட விடையை இப்பாடம் விளக்குகின்றது.

ஒரே வீடு, இரு தலைமுறை

திருவனந்தபுரத்தின் பழைய கோட்டைப் பகுதிக்கு அண்மையில் அமைந்திருப்பது ஸ்ரீவராகம். வராகமூர்த்தி கோயிலும் அதனை ஒட்டிய பரந்த குளமும் அப்பகுதியின் அடையாளங்கள். மலையாளமும் தமிழும் அருகருகே ஒலிக்கும் இடம் அது. அங்கு வாழும் ஒரு குடும்பத்தை நாம் கற்பனை செய்துகொள்வோம்.

அவ்வீட்டின் தாத்தா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஸ்ரீவராகத்திலிருந்து தலைமைச் செயலகம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காலையில் கோட்டையைக் கடந்து, சாலைக் கடைவீதியின் முகப்பைத் தாண்டி அவர் நடந்தே செல்வார். மாலையில் நடந்தே திரும்புவார். அதனை அவர் உடற்பயிற்சி என்று கருதியதே இல்லை. அலுவலகத்திற்குச் செல்ல அதுவே வழி, அவ்வளவுதான்.

அவருடைய மகளும் அலுவலர்தாம். கணினியின் முன் அமர்ந்து பணிபுரிகின்றார். ஸ்கூட்டரில் சென்று, மின்தூக்கியில் ஏறி, நாற்காலியில் அமர்கின்றார். மாலையில் வீடு திரும்பியதும் சமையலும் பிள்ளைகளின் படிப்பும் அவருக்காகக் காத்திருக்கின்றன. தந்தை உண்ட அளவுக்கு அவர் உண்பதில்லை. ஆயினும் பணியில் சேர்ந்த பத்தாண்டுகளில் அவருடைய எடை பத்துக் கிலோ கூடிவிட்டது. ‘உணவைக் குறையுங்கள்’ என்கின்றார் மருத்துவர். ‘வாயைக் கட்ட வேண்டும்’ என்று உறவினர் நகையாடுகின்றனர். ‘நான் உண்மையிலேயே மிகுதியாகவா உண்கின்றேன்?’ என்று அவர் தம்மையே வினவிக்கொள்கின்றார்.

இவ்வினாவுக்கு நேர்மையான விடை வேண்டும். அவ்விடையின் முதற்பகுதி வங்காளத்தின் ஆலை ஒன்றிலிருந்து கிடைக்கின்றது.

ஹூக்ளிக் கரையில் ஓர் ஆய்வு

கொல்கத்தாவுக்கு அண்மையில், ஹூக்ளி ஆற்றங்கரையில் செங்கைல் என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த லட்லோ சணல் ஆலையில் 1950களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயரும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் அதனை நடத்தினர். அதன் முடிவுகள் 1956ஆம் ஆண்டு வெளியாயின.

ஓர் ஆலை என்பது பல்வகை உழைப்பும் ஒருங்கே நிகழும் இடம். நிலக்கரி சுமப்போர் அங்கு உண்டு. சணல் கட்டுகளைத் தூக்குவோர் உண்டு. இயந்திரங்களின் அருகே நின்று பணிபுரிவோர் உண்டு. நாள் முழுவதும் அமர்ந்து எழுதும் எழுத்தர் உண்டு. ஆலையைச் சார்ந்து கடை வைத்து, காலை முதல் இரவு வரை அங்கேயே அமர்ந்திருக்கும் கடைக்காரரும் உண்டு. இத்தகையோர் 213 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் உண்ணும் உணவின் அளவையும் அவர்களுடைய உடல் எடையையும் ஆய்வாளர் கணக்கிட்டனர். எழுத்தர்களுள்ளும் ஆலை வளாகத்திலேயே குடியிருந்தோர் வேறாகவும் தொலைவிலிருந்து நடந்து வந்தோர் வேறாகவும் கருதப்பட்டனர்.

கிடைத்த முடிவு இரு பகுதிகளை உடையது. இயல்பான உழைப்பிலிருந்து கடும் உழைப்பு வரையில் உள்ளவர்களிடம், உழைப்புக் கூடக்கூட உணவும் கூடியது. அதனால் அவர்களுடைய எடை ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றது. இஃது எவரும் எதிர்பார்ப்பதே. ஆனால், உழைப்பு ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தவர்களிடம் உணவு குறையவில்லை, மாறாகக் கூடியிருந்தது. அவர்களே ஆலையில் எடை மிக்கவர்களாகவும் இருந்தனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த கடைக்காரர்கள் அவ்வரிசையின் முன்னே நின்றனர்.

பசியின் கணக்கு

இம்முடிவு உணர்த்துவது யாது? பசி என்பது உடலின் கணக்கர் போன்றது. உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிட்டதோ அவ்வளவை உணவாகக் கேட்டுப் பெறுவது அதன் கடமை. உடல் உழைத்துக்கொண்டிருக்கும் வரையில் அக்கணக்கர் தம் கடமையைப் பெரும்பாலும் செம்மையாகவே செய்கின்றார். உழைப்பு மிகவும் குறைந்துவிட்டாலோ அவருடைய கணக்குப் பிழைபடுகின்றது. செலவு குறைந்ததற்கு ஏற்ப வரவைக் குறைக்க அவர் அறியாதவராகின்றார்.

செங்கைல் ஆய்வை இறுதி முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது. கடைக்காரருக்கும் சுமைதூக்குவோருக்கும் வருவாயில் வேறுபாடு இருந்திருக்கலாம். உணவு கைக்கெட்டும் எளிமையிலும் வேறுபாடு இருந்திருக்கலாம். ஓர் ஆலையை ஒரு காலத்தில் நோக்கிய ஆய்வு, எது காரணம் எது விளைவு என்பதை முழுமையாக மெய்ப்பிக்க இயலாது. எனினும், ‘உழைப்பைக் குறைத்தால் பசியும் தானே குறைந்துவிடும்’ என்னும் நம்பிக்கையை அவ்வாய்வு அசைத்துவிட்டது.

இப்போது ஸ்ரீவராகத்து வீட்டிற்குத் திரும்புவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 6 கிலோமீட்டர் நடந்தால், அமர்ந்திருந்தாலும் செலவாகக்கூடிய ஆற்றலைக் கழித்த பின்னரும், ஏறத்தாழ 200 கிலோ கலோரி ஆற்றல் செலவாகும். தாத்தா நாள்தோறும் நடந்த நடை அது. மகளுடைய வாழ்வில் அந்நடை இல்லை. ஆனால் அந்த 200 கிலோ கலோரி அளவுக்கு அவருடைய பசி குறைந்துவிடவில்லை. எஞ்சிய ஆற்றல் முழுவதும் கொழுப்பாக மாறுவதில்லை. எடை கூடக்கூட உடலின் ஆற்றல் தேவையும் சற்றே கூடுவதால் எடை ஏற்றம் ஒரு கட்டத்தில் தளர்கின்றது. ஆயினும் பத்தாண்டுகளில் பத்துக் கிலோ சேர்வதற்கு அஃது ஒரு காரணமாக இருக்கப் போதுமானது. ஆகவே, ‘மிகுதியாகவா உண்கின்றேன்?’ என்னும் வினாவுக்கு விடை இதுதான்: தந்தையைவிட மிகுதியாக உண்ணவில்லை, குறைந்துபோன அசைவுக்கு மிகுதியாக உண்கின்றார். அதனை அவருடைய பசி அவருக்கு அறிவிக்கவில்லை.

இரட்டை அடுக்குப் பேருந்தின் படிகள்

கிழக்கேகோட்டையில் இரட்டை அடுக்குப் பேருந்தைக் கண்டவர்கள் இலண்டன் நகரில் நடந்த மற்றோர் ஆய்வை எளிதில் மனக்கண்ணில் காணலாம். அந்நகரின் பேருந்துகளில் ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை அமர்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாள்தோறும் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார். இருவரும் ஒரே நிறுவனத்தினர். ஒரே பேருந்தில் பணிபுரிந்தவர்கள். இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கியவர் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞர். ஏறத்தாழ 31,000 போக்குவரத்துப் பணியாளர்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1953ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஓட்டுநரைவிட நடத்துநருக்கு இதயநோய் குறைவாகவே தோன்றியது. தோன்றியபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. அஞ்சலகத் துறையிலும் இதே நிலைமை காணப்பட்டது. நடந்தும் மிதிவண்டியில் சென்றும் கடிதம் வழங்கியோர், அமர்ந்து பணிபுரிந்த எழுத்தரையும் தொலைபேசி இயக்குநரையும் விட இதயநோயால் குறைவாகவே தாக்குண்டனர்.

நல்ல ஆய்வாளர் தம் முடிவைத் தாமே ஐயுறுவார். ஓட்டுநர் பணிக்குச் சேர்ந்தவர்கள் தொடக்கத்திலேயே பருமனானவர்களாக இருந்திருந்தால் என்ன செய்வது? மோரிஸும் அவருடைய குழுவினரும் ஒரு புதுமையான வழியைக் கண்டனர். நிறுவனம் பணியாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவேட்டை எடுத்து, இடுப்புச் சுற்றளவுகளை ஒப்பிட்டனர். 1956ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வில், எல்லா வயதினரிடத்தும் ஓட்டுநரின் இடுப்பளவே மிகுதியாக இருந்தது. ஆகவே ஐயம் பொருளற்றதன்று. ஆனால் பின்னர் மெலிந்தோரை மெலிந்தோருடனும் பருத்தோரைப் பருத்தோருடனும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் நடத்துநரே நலம் மிக்கவராக விளங்கினர்.

இதிலிருந்து ஓர் அரிய உண்மை புலனாகின்றது. உடல் அசைவின் பயன் எடை குறைவது மட்டுமன்று. எடை குறையாதவருக்கும் அசைவு நலம் தருகின்றது. எடைகாட்டியின் முள் நகரவில்லை என்பதற்காக நடைப்பயிற்சியைக் கைவிடுதல் பெரும்பிழை.

எடையை அளப்பது எவ்வாறு?

ஒருவருடைய எடை அவருடைய உயரத்திற்கு ஏற்றதா என்பதை அறிய உடல் நிறைக் குறியீட்டெண் பயன்படுகின்றது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். 160 செ.மீ. உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு, 64ஐ 2.56ஆல் வகுத்தால் 25 என வரும். உலக அளவில் 25ஆம் எண்ணிலிருந்தே மிகை எடை கணக்கிடப்படுகின்றது. ஆனால் தெற்காசிய மக்களுக்கு, அதே குறியீட்டெண்ணிலும் உடற்கொழுப்பு, குறிப்பாக வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, மிகுதியாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஆதலால் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 23ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் வரையறுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் எல்லையைக் கடத்தல் ஆகாது என்றும் அறிவுறுத்தினர். இவ்வெண்கள் வளர்ந்தோருக்கு உரியவை. மாணவர்களாகிய உங்களுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணைகள் உண்டு.

கேரளத்தில் இச்சிக்கல் எத்துணைப் பெரியது? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, குறியீட்டெண் 25ஐ எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள் நாடு முழுவதும் பெண்களில் 24.0 விழுக்காட்டினர், ஆண்களில் 22.9 விழுக்காட்டினர். கேரளத்திலோ பெண்களில் 38.1 விழுக்காட்டினர், ஆண்களில் 36.4 விழுக்காட்டினர். ஸ்ரீவராகத்து அலுவலர் தனியர் அல்லர் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

மேசைக்கு வரும் தேநீர்

அமர்ந்த பணியில் அசைவு குறைகின்றது என்பது கணக்கின் ஒரு பக்கம். உணவு எளிதில் வந்து சேர்கின்றது என்பது மறுபக்கம். அலுவலகத்தில் பதினொரு மணிக்குத் தேநீர். மாலை நான்கு மணிக்குத் தேநீரும் பழம்பொரியும் அல்லது வடையும். எவருக்கேனும் பிறந்தநாள் என்றால் இனிப்பு. இவற்றைப் பசித்து உண்போர் சிலரே; பழக்கத்தாலும் நட்பாலும் உண்போர் பலர்.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். ஒரு கிராம் சர்க்கரை 4 கிலோ கலோரி ஆற்றலைத் தரும். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளொன்றுக்கு நான்கு கோப்பைத் தேநீர் அருந்துபவர், 40 கிராம் சர்க்கரையை, அதாவது 160 கிலோ கலோரியை, தேநீரின் வழியே மட்டும் பெறுகின்றார். நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படும் ஒருவருக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 50 கிராமுக்கு மிகலாகாது. 25 கிராமுக்குள் நின்றால் மேலும் நன்று என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் கருத்து. எண்ணெயோ கிராமுக்கு 9 கிலோ கலோரி தருவது. ஆகவே பொரித்த பண்டம் கையளவே ஆயினும் அதன் ஆற்றல் கையளவாக இராது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நம் தட்டில் ஏறத்தாழப் பாதியைக் காய்கறி, கீரை, பழம், கிழங்கு ஆகியவை நிரப்ப வேண்டும் என்கின்றது. அவியலும் தோரனும் சாம்பாரும் நம் சமையலில் முன்பே உள்ளவை. சோற்றைக் குறைத்து அவற்றைப் பெருக்குதல் நமக்கு அந்நியமான செயலன்று.

குறை எவருடையது?

இத்துணையும் கற்றபின், உடல் பருத்தவரைச் சோம்பேறி என்றும் பெருந்தீனி உண்பவர் என்றும் பழித்தல் தகுமா? தகாது. பணி நம்மை அமர வைத்தது. வாகனம் நம் நடையைப் பெற்றுக்கொண்டது. பசி அம்மாற்றத்தை உணரவில்லை. இம்மூன்றும் தனி மனிதரின் மனவுறுதிக் குறைவால் விளைந்தவை அல்ல. மேலும், அலுவலகப் பணியுடன் வீட்டுப் பணியையும் தாமே சுமக்கும் பெண்களுக்கு நடப்பதற்கு நேரமே எஞ்சுவதில்லை. வீட்டு வேலையை அனைவரும் பகிர்ந்துகொள்ளாமல் ‘நீங்கள் நடக்க வேண்டும்’ என்று அம்மாவிடம் கூறுவதில் பயனில்லை.

தனி மனிதரால் மட்டும் இயலாத ஒன்றைப் பணியிடம் இயலச் செய்யும். இந்தியத் தொழிற்சாலைகள் சிலவற்றில் பணியாளர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் உணவு, உடற்பயிற்சி, புகையிலை ஆகியவை குறித்த விழிப்புணர்வும் வழிகாட்டுதலும் சில ஆண்டுகள் தொடர்ந்து அளிக்கப்பட்டன. 2009இல் வெளியான அதன் முடிவுகளின்படி, அங்கெல்லாம் பணியாளர்களின் சராசரி எடையும் இடுப்பளவும் இரத்த அழுத்தமும் குறைந்தன. அத்தகைய முயற்சி இல்லாத இடத்தில் அவை குறையவில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே மற்றொரு முயற்சி நடந்தது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைச் சேர்ந்த 1,007 பேர், நீரிழிவு வரும் வாய்ப்பு மிக்கவர்கள், 2013 முதல் அதில் பங்கேற்றனர். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பிறரும் அதனை நடத்தினர். ஒரு பாதியினர் தம் ஊராருள் ஒருவரையே வழிகாட்டியாகக் கொண்டு குழுவாகக் கூடி, நடந்தும் உணவைத் திருத்தியும் வாழ முயன்றனர். இரண்டு ஆண்டுகளில் அக்குழுவினருள் 14.9 விழுக்காட்டினருக்கும், மற்றவருள் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு தோன்றியது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நிகழ்ந்திருக்கலாம் என்பதை ஆய்வாளரே ஒப்புக்கொண்டனர். எனினும் காய்கறி, பழம் உண்ணும் பழக்கம் அக்குழுவில் கூடியது; மதுப்பழக்கம் குறைந்தது. பழக்கம் மாறுவதற்குக் காலம் வேண்டும். துணையும் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இழந்த நடையை மீட்டல்

வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடல் அசைந்து விளையாட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் அறிவுறுத்தியது. 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம். ஸ்ரீவராகத்திலிருந்து கோட்டைக்குச் சென்று திரும்பும் நடையே அதற்குப் போதும்.

தாத்தா நடந்தது மனவுறுதியால் அன்று. நடை அவருடைய வேலைநாளுக்குள்ளேயே அமைந்திருந்தது. மகளுடைய வேலைநாளுக்குள்ளும் அதனை மீண்டும் அமைக்கலாம். வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு எஞ்சிய வழியை நடக்கலாம். மின்தூக்கியைத் தவிர்த்துப் படியேறலாம். ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து, உடன் பணிபுரிவோரிடம் சொல்ல வேண்டியதை நேரில் சென்று சொல்லலாம். சர்க்கரையை அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். அலுவலகமும் தன் பங்குக்குச் சிற்றுண்டியில் பழத்தைச் சேர்க்கலாம். படிக்கட்டில் நல்ல வெளிச்சம் அமைக்கலாம். நடந்து வருவோருக்குச் சில நிமிடம் நேரம் ஒதுக்கலாம்.

பசி நமக்குத் தவறான கணக்கைச் சொல்லும்போது அறிவு அதனைத் திருத்த வேண்டும். அத்திருத்தத்தின் முதல் வரி உணவுத் தட்டில் எழுதப்படலாம். எஞ்சிய வரிகள் காலடியில்தான் எழுதப்படுகின்றன.

சொல்லும் பொருளும்

சாரம் – சுருக்கமான கருத்து
மின்தூக்கி – மின்னாற்றலால் மாடிக்கு ஏற்றும் கருவி
நகையாடுதல் – கேலி செய்தல்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு
மிகலாகாது – கூடுதலாகக் கூடாது
தோரன் – தேங்காய்த் துருவல் சேர்த்த காய்கறிப் பொரியல்

வினாக்கள்

1. செங்கைல் ஆலையில் ஆராயப்பட்ட பணியாளர் எத்தனை பேர்? அவர்கள் எவ்வெப் பணிகளைச் செய்தனர்?
2. பசி ‘உடலின் கணக்கர்’ என்று கூறப்படுவது ஏன்? அக்கணக்கு எப்போது பிழைபடுகின்றது?
3. சீருடைப் பதிவேடு ஆய்வாளருக்கு எவ்வாறு பயன்பட்டது?
4. 150 செ.மீ. உயரமும் 54 கிலோ எடையும் உள்ள ஒரு வளர்ந்தவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுக. இந்திய வழிகாட்டுதலின்படி அஃது எப்பிரிவில் அடங்கும்?
5. ‘எடை குறையாதவருக்கும் அசைவு நலம் தருகின்றது’ – இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
6. பிரித்து எழுதுக: ஊட்டச்சத்து, தேநீர், இவ்வறிவுரை, அஞ்சலகம்.
7. செயல்பாடு: உங்கள் வீட்டில் பணிக்குச் செல்லும் ஒருவர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அமர்ந்திருக்கின்றார் என்பதை அவரிடம் கேட்டு எழுதுக. அவருக்கு அரைமணி நேரம் நடக்க வாய்ப்பளிக்க, வீட்டுப் பணிகளுள் எவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.